நியாந்தேரே கரையின் கோழிக்கூடு

திரையில் இருந்த அந்த வெள்ளைப் பெட்டியையே அபோண்டி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிசுமு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கும் செல்பேசி பழுது பார்க்கும் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த இணைய மையம். கடையைத் திறக்கும்போதே வந்து உட்கார்ந்தவள் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. எதிரே கணினியில் அறக்கட்டளையின் தளம். கொக்வேனோ ஏரிக்கரைப் பெண்கள் குழு நிதி கேட்டு எழுதிய தொழில் திட்டத்தில் செலவு, சந்தை, குழுவின் விவரம் என்று எல்லாப் பகுதிகளும் பச்சைக் குறி விழுந்து பூட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் திறந்து கிடந்தது. மேலே 'இலக்கிய மீளாய்வு' என்று தலைப்பு. கீழே வெறும் பெட்டி. இன்று மாலை ஐந்து மணிக்குள் அதை நிரப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

அந்த அறிவிப்பு போன வாரமே வந்திருக்கிறது. கரையில் சிக்னல் கிடைப்பது அபூர்வம். நேற்று சாயங்காலம் மண்மேட்டில் ஏறி நின்றபோதுதான் செல்பேசியில் அது வந்து விழுந்தது. ஓடிப்போய்ப் பெண்களிடம் படித்துக் காட்டினாள். குழுத் தலைவி நியாசுனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மீன் காயப்போட கூடாரம் கேட்டா இலக்கியம் கேக்குறானா? என்னடி, பாட்டுக் கட்டித் தரணுமா அவனுக்கு?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாட்டில்லம்மா. இதே வேலைய முன்னாடி யாராரு செஞ்சு பாத்தாங்க, படிச்சவங்க அதப் பாத்து என்ன எழுதினாங்கன்னு நாம தேடிப் படிச்சுச் சொல்லணும்."

"அவ்வளவுதானே. நம்மள்ல படிச்சவ நீ. போய் எழுதிப் போட்டுட்டு வா."

அவ்வளவுதான். அவர்களுக்கு அது முடிந்த காரியம். கல்லூரியில் வணிகம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கரைக்கே திரும்பி வந்தவள் அபோண்டி. படிக்கிற காலத்தில் இந்த மீளாய்வை ஒரு முறை எழுதியிருக்கிறாள். எழுதினாள் என்றா சொல்வது? மேல் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரையை வாங்கி, பெயரை மாற்றி வைத்தாள். இப்போது யாரிடம் வாங்குவது?

காலையிலிருந்து தேடுகிறாள். 'ஓமேனா மீன், வெயில் உலர்த்தி, பெண்கள்' என்று தட்டினால் தலைப்புகள் வரிசை வரிசையாக வருகின்றன. தொட்டால் திறப்பதில்லை. சந்தா கட்டு என்கிறது, பல்கலைக்கழக அடையாளம் கொடு என்கிறது. திறந்த ஒன்றிரண்டும் ஈரப்பதம், வெப்பநிலை, வளைகோடு என்று போயின. அவள் கை விசைப்பலகை மேல் சும்மா கிடந்தது.

இதில் அவள் தோற்றால் யார் முகத்தில் விழிப்பது என்றுகூட அவள் நினைக்கவில்லை. அக்கா அவீனோவின் முகம் ஒன்றுதான் கண்முன் நின்றது.

ஓமேனா விரல் நீளம்கூட இல்லாத வெள்ளி மீன். இருட்டில் ஏரிக்குள் விளக்கு வைத்துப் பிடித்து விடியும்போது கரைக்குக் கொண்டுவருவார்கள். பிடிப்பது ஆண்கள். வாங்கி, மணலில் பரப்பிக் காயவைத்து, சந்தைக்கு ஏற்றுவது பெண்கள். வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டால் மணல் சேறாகும், மீன் நாறும். நாறிய மீனைக் கோழித் தீவனக்காரன் சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த விடியலில் மீன் வாங்கக் கையில் ஒன்றும் இருக்காது. கையில் ஒன்றும் இல்லாத பெண்ணுக்குப் படகுக்காரன் மீன் தருவான், வேறொன்றைக் கேட்டு. அப்படித் தருகிறவனுக்கு ஜபோயா என்று பெயர். கரையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவீனோவின் ஜபோயா, ஒல்வேனி என்ற படகுக்காரன். அவள் புருஷன் ஏரியில் மூழ்கிச் செத்த வருஷமே அது ஆரம்பித்தது. அபோண்டி கல்லூரியில் படித்ததும் அந்த மீன் காசில்தான்.

"கூடாரம் மட்டும் வரட்டும்," என்று அவீனோ சொல்லியிருந்தாள். "மழையில மீன் கெடலன்னா கையில எப்பவும் காசு நிக்கும். அன்னைக்கே அவன் மூஞ்சில சொல்லிடுவேன், போடான்னு."

"என்ன தங்கச்சி, கண்ணு கலங்குது? மெஷின் சரியில்லையா?"

கேட்டது ஒகாடா. மையத்தின் மூலை மேசை அவனுடையது. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை, ஆய்வேடு, வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் எழுதிக் கொடுப்பவன். படித்து முடித்துப் பத்து வருஷமாகியும் நாற்காலி கிடைக்காத வாத்தியார் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வான்.

அபோண்டி திரையைக் காட்டினாள். அவன் குனிந்து படித்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"இதுக்கா அழுகுற? சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"எதிர்க்கடையில போய் ஒரு டீயும் மண்டாசியும் சாப்பிட்டு வா. வரதுக்குள்ள தயாரா இருக்கும். காசெல்லாம் வேண்டாம். கூடாரம் வந்ததும் எங்கம்மாவுக்கு நல்லாக் காஞ்ச ஓமேனா ஒரு பை அனுப்பு, போதும்."

அவளுக்குக் காலில் விழலாம் போல இருந்தது. டீயை ஊதிக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தாள். அவன் சொன்னபடியே செய்து வைத்திருந்தான். படித்தாள். என்ன எழுத்து! ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு பெயரும் வருஷமும் பொட்டு வைத்தது மாதிரி இருந்தன. உலர்த்திகள் பெண்களின் வருமானத்தை உயர்த்தின, மீன் வீணாவதைக் குறைத்தன, குடும்பங்களுக்கு நிம்மதி தந்தன. அவள் அதை அப்படியே எடுத்துப் பெட்டியில் ஒட்டினாள். சமர்ப்பிக்கும் பொத்தானின் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் நியாந்தேரே என்ற பெயர் கண்ணில் பட்டது. 'நியாந்தேரே கரையில் வெயில் உலர்த்தி அமைத்தபின் பெண்களின் வருமானம் இருமடங்கானது' என்று ஒரு வரி.

நியாந்தேரே, ஏரி வளைகுடாவின் அந்தப் பக்கம். அவளுடைய சித்தி மகள் ரிஸ்பாவைக் கட்டிக்கொடுத்த ஊர். போன ஈஸ்டருக்கு வந்தபோது ரிஸ்பா போட்டிருந்த செருப்புக்கு வார் இல்லை, கயிறு கட்டியிருந்தாள்.

"அண்ணே, இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எது?"

"நியாந்தேரே. இருமடங்குன்னு."

ஒகாடா தலையைச் சொறிந்தான். "ஒரு ஆய்வு இருக்கு. நெசமான ஆய்வுதான்."

"அதுல இருமடங்குன்னு போட்டிருக்கா?"

"தங்கச்சி, மணி என்னன்னு பாரு. பொத்தான அமுக்கு. யாரு படகேறிப் போய்ப் பாக்கப் போறா?"

"அதுல என்னதான் போட்டிருக்கு?"

"அதப் படிச்சா உனக்கு வயிறு எரியும். வேண்டாம்னுதான் முடிவ மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டேன்."

"குடுங்க, பாக்குறேன்."

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் கணினியிலிருந்து அந்த ஆய்வை அவளுக்கு அனுப்பினான். எந்த மாணவனுக்கோ எழுதிக் கொடுத்தபோது எங்கிருந்தோ பிடித்து வைத்தது.

அபோண்டி முதலில் முடிவுரையைப் படித்தாள். பிறகு முதலிலிருந்து படித்தாள். நியாந்தேரேயில் பெண்களுக்கு, மீன் பரப்பத் தட்டுகள் அடுக்கிய பெரிய உலர்த்திக் கூடாரம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் மட்டுமில்லை, மழையிலும் மீன் நன்றாகவே காய்ந்திருக்கிறது. கூடாரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மழையில் கெடாத மீன் என்றதும் படகுக்காரர்களுக்கு அதன் அருமை தெரிந்துவிட்டது. கூடாரத்தில் தட்டு வைத்திருக்கும் பெண்ணுக்குத்தான் மீன் என்றார்கள். தட்டு யாருக்கு என்பதையும் அவர்களே முடிவு செய்யத் தொடங்கினார்கள். முன்பு ஒருத்தனிடம் கையேந்திய பெண்கள், இப்போது மீனுக்கு ஒருத்தன், தட்டுக்கு ஒருத்தன் என்று கையேந்தினார்கள். அடுத்த மழைக்குள் குழு உடைந்தது. ஆய்வாளர் யாரோ ஒரு பெண்மணி. அங்கே ஒரு பெண் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்: மீன் காய்வதற்கு வழி செய்தீர்கள், மீன் எங்கள் கைக்கு வருவதற்கு வழி செய்யவில்லையே.

அபோண்டி நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே வந்து, தையல் கடை நிழலில் நின்று ரிஸ்பாவை அழைத்தாள்.

"கூடாரமா?" ரிஸ்பா சிரித்த சிரிப்பில் செல்பேசி அதிர்ந்தது. "இருக்கே! கரைக் குழுத் தலைவரோட கோழிங்கல்லாம் அதுலதான் முட்டை போடுது. நல்லாச் சூடா இருக்குல்ல, குஞ்சு சீக்கிரம் பொரிக்குதாம். ஏன்டி கேக்குற? உங்களுக்கும் குடுக்குறாங்களா?"

"குடுத்தா என்ன பண்றது?"

சிரிப்பு நின்றது. "குடுக்காம இருந்தாத் தேவலடி," என்றாள் ரிஸ்பா. "வேற ஒண்ணும் கேக்காத, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

அபோண்டி செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொக்வேனோவின் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். எழுதியவளே அவள்தான். கூடாரம், தட்டு, கரி அடுப்பு, தராசு. மீன் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி இல்லை. ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, மீன் வரும் என்று நினைத்துவிட்டாள். எல்லாப் பகுதிகளும் பூட்டிவிட்டன. திறந்திருப்பது இந்த ஒரே பெட்டி. இதில் உண்மையை எழுதினால் தன் திட்டத்தைத் தானே குழிதோண்டிப் புதைத்தது போல ஆகும். ஒகாடாவுடையதை அனுப்பினால் கூடாரம் வரும். அவீனோ ஒருத்தனுக்குப் பதிலாக இரண்டு பேரிடம் போக வேண்டிவரும்.

செல்பேசி அடித்தது. அவீனோ.

"அனுப்பிட்டியா?" குரலில் அப்படி ஒரு துள்ளல். அபோண்டி பல வருஷமாகக் கேட்காத குரல்.

"இன்னும் இல்லக்கா. எங்கேர்ந்து பேசுற?"

"மேட்டுலேர்ந்து. கேளு, காலையில படகு வந்துச்சா, அந்தாளு வழக்கம்போல என் கூடைய எடுத்துப் படகுக்குள்ள வச்சான். நான் எடுத்து வெளிய வச்சேன். சொல்லிட்டேன்டி. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். கூடாரம் வருது, இனிமே உன் மீனு எனக்குக் காசுக்குத்தான்னு. மூஞ்சியப் பாக்கணுமே நீ!"

"அக்கா... ஏங்க்கா அதுக்குள்ள..."

"என்ன அதுக்குள்ள? நீதானே சொன்ன, எல்லாம் பச்சையாகிடுச்சு, ஒண்ணுதான் பாக்கின்னு. ஏன், எதாவது தப்பாகிடுச்சா?"

"இல்ல. ஒண்ணுமில்ல. அப்புறம் பேசுறேன்."

அவள் அங்கேயே சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உடம்புக்கு முடியலையா அம்மா என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இன்று காலை மீனில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறாள் அக்கா. நாளைக்கும் ஒல்வேனி மீன் தரமாட்டான். அவன் சொன்னால் மற்றவர்களும் தரமாட்டார்கள். கூடாரம் வரவில்லை என்றால் அவள் திரும்ப அவன் படகடியில் போய் நிற்க வேண்டும், எல்லார் முன்னாடியும். வந்தால் நியாந்தேரேயில் நடந்ததுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் போல இருந்தது. நியாசுனா இன்று இங்கே கிசுமுவில் உள்ள கிபுயே சந்தைக்கு மீன் கொண்டுவந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

அழைத்தாள். பாதி சொல்வதற்குள் நியாசுனா, "எங்க இருக்க? அங்கயே இரு," என்று வைத்துவிட்டாள்.

மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னால், தலைத்துணி பறக்க, கையில் வெறும் கூடையோடு வந்து இறங்கினாள். மையத்துக்குள் நுழைந்ததும் மீன் வாடைக்கு ஓரிரண்டு பேர் மூக்கைப் பிடித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"படி."

அபோண்டி ஆய்வைத் தங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே போனாள். ரிஸ்பா சொன்னதையும் சொன்னாள். முடித்ததும், நியாசுனா கூடையைக் காலுக்கடியில் தள்ளினாள்.

"இது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

அபோண்டி திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நம்ம கையில மீனில்லன்னு தெரியாதா எனக்கு? உங்கம்மா வயசு எனக்கு. எத்தன ஜபோயாவப் பாத்திருப்பேன். நமக்கு வேண்டியது படகுடி. நம்ம பேர்ல ஒரு படகு. பொம்பளைங்களுக்குப் படகு குடுக்குறேன்னு எவனாவது வந்திருக்கானா? கூடாரம் குடுக்குறேன்னான், சரின்னேன். தையல் மெஷின் குடுக்குறேன்னு வந்திருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். முதல்ல ஏதாவது ஒண்ணு கரைக்கு வரட்டும். அப்புறம் நாம பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு அவங்களும்தானேம்மா இருந்தாங்க. கோழிக்கூடு ஆகிடுச்சே."

"ஆகட்டுமே! முட்டையாவது கிடைக்கும்."

மூலையில் ஒகாடா சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"அக்கா காலையில ஒல்வேனிகிட்ட சொல்லிடுச்சு," என்றாள் அபோண்டி. அடக்கி வைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நியாசுனா தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "சரி, அழுத கண்ணோட எப்படித் தட்டுவ. துடை," என்றாள். "நியாந்தேரேல சாவி யாருகிட்ட இருந்துச்சாம்? எழுதியிருக்கா அதுல?"

அபோண்டி தேடினாள். "கரைக் குழுத் தலைவர்கிட்ட."

"ஆம்பள. தராசு?"

"தராசு இல்ல. கூடைக் கணக்கு."

"உறுப்பினரு?"

"படகுக்காரங்க பொண்டாட்டிங்க, தங்கச்சிங்க எல்லாம் சேந்திருக்காங்க."

"அதான் பாத்தியா." நியாசுனா முன்னால் சாய்ந்தாள். "எழுது. நியாந்தேரேல நடந்தத ஒண்ணு விடாம எழுது. அதுக்குக் கீழ இத எழுது. சாவி பொம்பளைங்க கையில. படகு வச்சிருக்கவன், அவன் பொண்டாட்டி, அவன் மச்சான், ஒருத்தருக்கும் குழுவுல எடமில்ல. மழையில அவன் மீனும்தான் நாறுது, அவனுக்கும் கூடாரம் வேணும். நம்ம கூடாரத்துல அவன் மீனு ஏறணும்னா வாசல்ல தராசுல போட்டு, விலை பேசி, காசுக்கு விக்கணும். வேற எதையாவது எவளையாவது கேட்டான்னு தெரிஞ்சா, அவன் படகு மீனு அப்புறம் எப்பவுமே உள்ள வராது. கடைசியில ஒரு வரி போடு, எங்களுக்கு உண்மையில வேண்டியது படகுன்னு."

"அதப் போட்டா எதுவுமே குடுக்காமப் போயிடலாம்மா."

"போனாப் போகட்டும்," என்றாள் நியாசுனா. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அபோண்டி தட்டத் தொடங்கினாள். ஒகாடாவின் எழுத்தை அழித்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே நேராக எழுதினாள். காலையிலிருந்து ஒரு வரி வராத கைக்கு இப்போது எழுத்து வந்தது. ஈரப்பதம், வளைகோடு என்று படித்ததில் தேவையானதை முதலில் வைத்தாள். பிறகு நியாந்தேரே. அந்தப் பெண் சொன்ன வார்த்தையை எழுதி, ஆய்வாளர் பெயரைப் போட்டாள். சாவி பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது மின்விசிறி முனகி நின்றது. திரை கறுத்தது.

மையம் முழுக்க 'ஓ' என்று ஒரே சத்தம்.

"சேமிச்சியா?" என்றான் ஒகாடா.

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவன் ஓடிப்போய்த் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அதன் மூடி கம்பியால் கட்டியிருந்தது. "மின்கலம் கிழடு. எவ்வளவு நேரம் நிக்கும்னு அதுக்கே தெரியாது. உன் செல்பேசியிலேர்ந்து இணைப்புக் குடு." தளம் திறந்தது. பெட்டி மறுபடி வெள்ளையாக இருந்தது. மூலையில் மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

"தங்கச்சி, கோவிச்சுக்காத," என்றான் ஒகாடா தணிந்த குரலில். "நான் எழுதினது இதுலயே இருக்கு. எடுத்து ஒட்ட ஒரு நொடி. ஒட்டட்டுமா?"

அபோண்டி நியாசுனாவைப் பார்த்தாள். நியாசுனாவின் உதடுகள் அசைந்தன. ஜெபிக்கிறாளா, திட்டுகிறாளா தெரியவில்லை. ஒட்டு என்று அவள் சொல்லியிருந்தால் அபோண்டி ஒட்டியிருப்பாள். உள்ளுக்குள் அதற்காகவே காத்திருந்தாள்.

"என்னை ஏன் பாக்குற?" என்றாள் நியாசுனா. "எழுதினதையே திருப்பி எழுது. வேகமா எழுது. நான் சொல்லிக்கிட்டே வரேன்."

இந்த முறை அழகு பார்க்க நேரமில்லை. வாக்கியங்கள் முட்டிமோதி வந்தன. நியாசுனா பின்னாலிருந்து சாவி, தராசு, மச்சான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். மின்கல அடையாளம் சிவந்தது. படகு என்ற கடைசி வரியை எழுதி, பிழைகூடத் திருத்தாமல் பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பச்சைக் குறி விழுந்த சற்று நேரத்தில் மடிக்கணினி அணைந்து போனது.

யாரும் சந்தோஷப்படவில்லை. நியாசுனா கூடையை எடுத்துக்கொண்டு, "வா, மட்டாட்டு வேன் போயிடும்," என்றாள்.

பதில் வருவதற்கு நாளாயிற்று. அதற்குள் நடக்கக் கூடாது என்று அபோண்டி பயந்தது நடந்தது. படகுக்காரர்கள் ஒல்வேனி பக்கம் நின்றார்கள். அவீனோ தினமும் விடியலில் காசை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு போவாள், தீர்ந்துபோச்சு என்பார்கள். அவள் பிள்ளைகள் வெறும் உகாலிக் களியை உப்புத் தொட்டுத் தின்றன. ஒரு விடியலில் அவீனோ கூடை நிறைய மீனோடு திரும்பி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் மணலில் பரப்பத் தொடங்கினாள். அபோண்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, தானும் பரப்பினாள்.

"ஒண்ணும் கேக்காத," என்றாள் அவீனோ.

அபோண்டி அடுத்த பிடி மீனை எடுத்துப் பரப்பினாள்.

கேட்டதில் கால்வாசிதான் தருகிறோம் என்று அறக்கட்டளை எழுதியிருந்தது. பெரிய கூடாரத்துக்குப் பதில் சின்னதாக ஒன்று. 'தாங்களே சுட்டிக்காட்டியிருக்கும் இடர்களைக் கருத்தில் கொண்டு' என்று ஒரு வரி. படகுக்கு இந்த நிதியில் இடமில்லை என்று இன்னொரு வரி. பக்கத்துக் கரைக்குப் பெரிய கூடாரமே கிடைத்தது என்று சேதி வந்தபோது கொக்வேனோ பெண்கள் அபோண்டியைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார்கள்.

"உன்னை யாரு நம்ம குறைய எல்லாம் எழுதச் சொன்னா? படிச்ச புத்தியக் காட்டிட்டியே!"

"நான்தான் எழுதச் சொன்னேன்," என்றாள் நியாசுனா. "என்னைத் திட்டுங்க." அவளையும் திட்டினார்கள். சிலர் குழுவை விட்டே போனார்கள்.

வருஷக் கடைசி மழை அந்த ஆண்டு கொட்டித் தீர்த்தது. ஏரியில் மீன் குவிந்தது. கரையில் மணலே தெரியவில்லை, எங்கும் சேறு. விடிந்து வெளிச்சம் வந்தபின்னும் படகுகளில் மீன் அப்படியே கிடந்தது. காயப்போட இடமில்லாத மீனை வாங்க ஆளில்லை. கூடாரத்து வாசலில் ஒரு பலகையைப் போட்டு நியாசுனா உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் கழுத்தில் தொங்கியது. அவீனோ தராசடியில் நின்றாள். உள்ளே அபோண்டி கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஒல்வேனி தலைமேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்தான். பின்னால் அவன் ஆட்கள் மீன் தொட்டிகளைத் தூக்கி வந்தார்கள்.

"அவீனோ, இத உள்ள பரப்பு," என்றான்.

"தராசுல வைக்கச் சொல்லு," என்றாள் அவீனோ. "எடை பாத்து விலை பேசிக்கலாம்."

"உனக்கும் எனக்கும் எதுக்கு எடை?" அவன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தான். அவர்கள் சிரித்தார்கள்.

அவீனோவின் கை தராசுச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அபோண்டிக்கு உள்ளிருந்தபடியே அது தெரிந்தது. அடுப்பை விட்டு எழுந்தாள். அக்கா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு மாவு தீர்ந்துகொண்டிருந்தது.

"எடை இல்லன்னா மீனு வேண்டாம்," என்றாள் அவீனோ. அது எல்லாருக்கும் கேட்டது.

"நாளைக்கு வருவல்ல, அப்ப பாத்துக்குறேன்."

"அப்ப உன் மீனும் இன்னைக்கு மாதிரியே நாறிக்கிட்டு நிக்கும்டா," என்றாள் நியாசுனா பலகையிலிருந்து எழாமலே. "நகரு. பின்னாடி ஆளு நிக்குது."

அவன் ஆட்களைத் தவிரப் பின்னால் யாரும் இல்லை. ஒல்வேனி காறித் துப்பிவிட்டுத் தொட்டிகளோடு திரும்பிப் போனான். மற்ற படகுக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வலுத்தது. வெகுநேரம் யாரும் வரவில்லை. கூடாரத்துத் தட்டுகள் வெறுமையாகச் சூடேறிக்கொண்டிருந்தன. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒருத்தி போகிற போக்கில், "கோழி வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நியாசுனா பலகையை மழை படாமல் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல், ஓட்டைப் படகு வைத்திருக்கும் கிழவர் ஒருவர் ஒரே ஒரு தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நேராகத் தராசில் வைத்தார். மீன் மெல்ல வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது.

"விலைய சொல்லும்மா," என்றார் அவீனோவிடம்.

அவள் முள் நிற்கும்வரை காத்திருந்து விலை சொன்னாள். அவர் குறைவு என்றார். பேரம் பேசினார்கள். அவள் இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அக்காவும் தங்கையும் தொட்டியை உள்ளே தூக்கி வந்தார்கள்.

"இது ஒரு தட்டுக்குக்கூடக் காணாதே," என்றாள் அபோண்டி. "நாளைக்கு என்னக்கா பண்றது?"

"தெரியலடி," என்றாள் அவீனோ. முழங்கை வரை மீன் செதில் ஒட்டியிருந்தது. "அந்த ஓரத்தப் பிடி. நசுங்காமப் பரப்பு."